மழை மாறும்போது வீட்டுக்குள் வரும் புதுப் பூச்சி: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி?

நேற்று வரை கண்ணில் படாத பூச்சி ஒன்று இன்று காலையில் குளியலறைச் சுவரில் உட்கார்ந்திருக்கிறது. இரவில் மழை பெய்திருக்கும். அல்லது நான்கு நாள் மூட்டத்துக்குப் பிறகு சுள்ளென்று வெயில் அடித்திருக்கும். கை தானாகப் பூச்சிமருந்துக் குப்பியைத் தேடும். சற்றுப் பொறுங்கள். மருந்தடித்தால் அந்தப் பூச்சி செத்துப்போகும். அது ஏன் வந்தது என்பதற்கான தடயமும் அதோடு போய்விடும். ஒழுகும் குழாய், ஊறிய சுவர், அடைக்காத இடுக்கு, எங்கோ தேங்கி நிற்கும் நீர் என்று வீட்டிலுள்ள ஏதோ ஒரு குறையைத்தான் அது பெரும்பாலும் காட்டிக்கொடுக்கிறது. அந்தக் குறையைச் சரிசெய்யாதவரை, அடுத்த மழைக்கு அதே பூச்சி அதே இடத்தில் வந்து நிற்கும்.

பெரும்பாலான பூச்சிகளின் உடல் வெப்பம் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்தே ஏறி இறங்கும். 30 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் வீட்டு ஈ முட்டையிலிருந்து முழு ஈயாக ஏறக்குறைய 10 நாள் போதும். குளிரில் அதற்கே பல வாரம் பிடிக்கும். மரங்களில் வாழும் ஒருவகைச் சுவர்க்கோழி 8 விநாடிகளில் எத்தனை முறை ஒலிக்கிறது என்று எண்ணி, அதோடு 5 கூட்டினால் அப்போதைய வெப்பநிலை செல்சியஸில் ஏறத்தாழ வந்துவிடும். 1897இல் ஆமோஸ் டால்பேர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் வெளியிட்ட கணக்கிலிருந்து வந்த எளிய வழி இது. எல்லா வகைக்கும் இதே எண் பொருந்தாது. ஆனால் வெக்கை கூடக் கூடச் சத்தம் விரைவதை எந்த வீட்டிலும் கேட்கலாம்.

காற்றழுத்தமும் பூச்சிகளுக்குத் தெரிகிறது. அழுத்தம் விரைவாகக் குறையும்போது வண்டு, அந்துப்பூச்சி, செடிச்சாறு உறிஞ்சும் அசுவினி ஆகியவற்றின் இணைசேரும் நடத்தை மாறுவதை 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ‘அந்தி ஈசல் பூத்தால் அடைமழைக்கு அடையாளம்’ என்று சொல்லிவைத்தவர்களிடம் அழுத்தமானி இருக்கவில்லை, கண் இருந்தது. அந்தக் கண்ணைத்தான் இங்கே பயன்படுத்தப் போகிறோம்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை சில உண்டு. பூச்சியின் மேல் ஒரு கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து, அடியில் தடித்த அட்டையைச் செருகிப் பிடியுங்கள். பக்கத்தில் அளவுகோலை வைத்து மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படம் எடுங்கள். கால்கள் ஆறா, எட்டா, அதற்கு மேலா என்று எண்ணுங்கள். ஆறு இல்லையென்றால் அது பூச்சியே அல்ல, தேட வேண்டிய இடமும் வேறு. பிறகு தேதி, நேரம், அறை, எத்தனை இருந்தன, முந்தைய இரண்டு நாளில் வானிலை எப்படி இருந்தது என்று ஐந்து விவரம் எழுதுங்கள். ஒன்றிரண்டு தென்பட்டால் வழிதவறி வந்தவையாக இருக்கலாம். மூன்று நாள் தொடர்ந்து ஒரே இடத்தில் வந்தால், அது வெளியிலிருந்து வரவில்லை, அங்கேயே பிறக்கிறது என்று எடுத்துக்கொண்டு தேடுங்கள்.

அறிகுறி: மழைக்கு மறுநாள் ஜன்னலடியில் இறக்கைக் குவியல்

இதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். இறக்கையை உதிர்த்தது ஈசலா, இறக்கை முளைத்த எறும்பா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். ஈசல் என்பது கறையான் கூட்டிலிருந்து புதுக்குடும்பம் அமைக்கப் புறப்படும் கறையான்தான். அதற்கு நான்கு இறக்கைகளும் ஒரே நீளம்; உடம்பில் இடுப்பு என்று தனியாக ஒன்றும் தெரியாது; உணர்கொம்பு மணி கோத்ததுபோல் நேராக இருக்கும். எறும்புக்கோ முன் இறக்கை நீளம், பின் இறக்கை குட்டை. இடுப்பு நூலாக ஒடுங்கியிருக்கும். உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கியிருக்கும். பூச்சி போய்விட்டு இறக்கைகள் மட்டும் கிடந்தாலும், நான்கைந்தைப் பொறுக்கி வெள்ளைத்தாளில் அடுக்கிப் பார்த்தால் நீளம் சொல்லிவிடும்.

ஈசல் என்று உறுதியானால் அடுத்த கேள்வி, அவை வெளியிலிருந்து விளக்கைத் தேடி வந்தனவா, வீட்டுக்குள்ளிருந்தே கிளம்பினவா என்பது. விளக்கு எரிந்த ஜன்னலுக்கு வெளியிலும் இறக்கைகள் சிதறிக் கிடந்தால் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவை. பெருக்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஜன்னல்கள் சாத்தியிருந்தும் உள்ளே மட்டும் குவிந்திருந்தால் நிம்மதிக்கு இடமில்லை.

என் வீட்டில் நான் இதைத் தவறவிட்டேன். இரண்டு மழைக்காலம் குளியலறை வாசலில் விழுந்த இறக்கைகளை வாரிக் கொட்டினேன். கூடத்து விளக்குக்கு வந்தவை என்று நினைத்தேன். மூன்றாம் முறை உட்கார்ந்து பார்த்தபோதுதான், கதவு நிலையின் அடியிலிருந்து பென்சில் பருமனுக்கு ஒரு மண்கோடு மேலேறிப்போவது தெரிந்தது. வண்ணப்பூச்சு பளபளப்பாக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. ஸ்குரூடிரைவர் முனையை வைத்து லேசாக அழுத்தினேன்; எதிர்ப்பே இல்லாமல் பிடி வரை உள்ளே போனது. வெளியில் தோல்போல் வண்ணம், உள்ளே தாள் தாளாக மண்ணும் வெறுமையும். முதல் ஆண்டே குனிந்து பார்த்திருந்தால் நிலையைக் காப்பாற்றியிருப்பேன் என்கிற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு. அதனால்தான் இந்தப் பகுதியை நீட்டி எழுதுகிறேன்.

இப்படிக் கறையான் உள்ளே நடமாடக் கட்டும் மண்குழாய் கண்ணில் பட்டால் முழுவதையும் இடிக்காதீர்கள். நடுவில் ஒரு விரல் அகலம் மட்டும் உடைத்துவிட்டு மறுநாளும் அதற்கடுத்த நாளும் பாருங்கள். ஈர மண்ணால் அடைத்திருந்தால் உள்ளே நடமாட்டம் இருக்கிறது. அடைக்காமல் விட்டாலும் வேறு வழியில் போயிருக்கக்கூடும். ஆகவே நிலைகள், அலமாரியின் முதுகுப்பலகை, தரையும் சுவரும் சேரும் மூலை ஆகியவற்றைக் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். உள்ளே பொள்ளலாக இருந்தால் ஓசை மாறும். மண்ணே இல்லாமல், மரத்தடியில் கசகசா அளவில் ஆறு பட்டை உள்ள துகள்கள் குவிந்திருந்தால் அது உலர்மரக் கறையான். மாவுபோன்ற மென்தூளும் குண்டூசித் துளைகளும் இருந்தால் மரம் துளைக்கும் வண்டு. மூன்றுக்கும் மருத்துவம் வேறு வேறு. கறையானை மட்டும் நீங்களே மருந்தடித்து ஒழிக்க முயலாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் நூறு செத்தாலும் கூடு மண்ணுக்குள்ளோ மரத்துக்குள்ளோ அப்படியே இருக்கும். நீங்கள் செய்ய வேண்டியது சுவரை ஒட்டிய ஈரத்தை நிறுத்துவது, மரத்துண்டுகளையும் அட்டைப்பெட்டிகளையும் தரையிலிருந்து அகற்றுவது, பிறகு பயிற்சி உள்ளவரை வரவழைப்பது.

அறிகுறி: பூச்சி கடித்த நினைவில்லை, தோலில் மட்டும் கோடு இழுத்ததுபோல் எரிச்சல்

மழைக்காலத்தில் வெள்ளை விளக்கின் அடியில் ஊர்ந்து திரியும் மெலிந்த சிறு வண்டை நினைவுபடுத்திப் பாருங்கள். 7 முதல் 10 மில்லிமீட்டர் நீளம். தலை கறுப்பு, கழுத்துப்பகுதி ஆரஞ்சு, நடுவில் நீலமோ பச்சையோ மின்னும் குட்டை இறக்கை உறை, அதன் பின்னே மீண்டும் ஆரஞ்சு, வால்நுனி கறுப்பு. ஓடும்போது தேள்போல் வாலைத் தூக்கும். பலர் இதை ஆசிட் பூச்சி என்கிறார்கள். இது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. கழுத்தில் ஊரும்போது நாம் பட்டென்று அடித்து நசுக்குகிறோம். அதன் உடல்நீரில் உள்ள பெடரின் என்னும் நச்சு தோலில் தேய்ந்துவிடுகிறது. எரிச்சல் உடனே தெரியாது. ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துச் சிவந்து, கொப்புளம் எழும். அதற்குள் பூச்சி மறந்தே போயிருக்கும். முழங்கை மடிப்பில் பட்டால் மடிப்பின் இரு பக்கமும் ஒரே மாதிரித் தடம் விழுவது இதன் தெளிவான அடையாளம்.

மேலே ஏறிவிட்டால் ஊதித் தள்ளுங்கள், அல்லது ஒரு தாளில் ஏற்றி வெளியே விடுங்கள். நசுக்கியிருந்தால் அந்த இடத்தை உடனே சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள்; கழுவும்வரை கண்ணைத் தொடவே கூடாது. கண்ணில் பட்டிருந்தாலோ, கொப்புளம் பரவினாலோ, குழந்தைக்கு வந்திருந்தாலோ மருத்துவரிடம் போங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும், கறை அதற்குப் பிறகும் சில காலம் நிற்கலாம். படுக்கைக்கு நேர் மேலே வெள்ளை விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அதை மாற்றுவதும், படுக்கும் முன் விரிப்பை உதறுவதும்தான் நிலையான தீர்வு.

விளக்கைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பூச்சிகள் ஏன் விளக்கைச் சுற்றுகின்றன என்பதை அதிவேகக் கேமராவில் பதிவுசெய்து, 2024இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. பறக்கும் பூச்சி தன் முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பறக்கிறது. வானம் வெளிச்சமாக இருந்த காலம் முழுக்க அதுதான் மேல் எது, கீழ் எது என்று அதற்குச் சொன்னது. நம் விளக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பறக்கும்போது அது அங்கேயே சிக்கிக்கொள்கிறது. இதைப் படித்த பிறகு எனக்கு விளக்கடியில் மாட்டிய பூச்சிகள்மேல் எரிச்சல் போய் இரக்கம் வந்தது. நீலம் கலந்த வெள்ளை ஒளியைவிட மஞ்சள் ஒளிக்குப் பூச்சி குறைவாக வரும். வாசல் விளக்கை மஞ்சளாக்கி, மழைக்குப் பிந்தைய மாலையில் முதல் இரண்டு மணி நேரம் திரைச்சீலையை இழுத்து மூடினாலே பாதிக் கவலை தீரும்.

அறிகுறி: குளியலறையில் இதய வடிவில், மயிரடர்ந்த குட்டி ஈக்கள்

இவை கழிவுநீர்க் குழாயின் உட்சுவரில் படிந்த வழவழப்பான படலத்தில் வளர்கின்றன. எந்தக் குழாய் என்று கண்டுபிடிக்க, இரவில் ஒவ்வொரு வடிகால் வாயின் மேலும் ஒட்டுநாடாவை ஒட்டும் பக்கம் கீழே இருக்கும்படி, காற்றுப் போக இடம் விட்டு ஒட்டுங்கள். காலையில் எதில் ஈ ஒட்டியிருக்கிறதோ அதுதான். வெந்நீரும் பிளீச்சிங் திரவமும் படலத்தின் மேலே வழிந்து ஓடிவிடும். நீளத் தூரிகையால் உள்ளே தேய்த்து எடுத்தால்தான் புழுவுக்கு இடமில்லாமல் போகும். ஒரு முறை தேய்த்ததும் ஈ மறையவில்லையே என்று சோர்ந்துவிட வேண்டாம். முன்பே பொரித்தவை இரண்டு வாரம் வரை பறக்கும். எல்லா நாடாவும் சுத்தமாக இருந்து ஈ மட்டும் வந்துகொண்டே இருந்தால், தரைக்கடியில் குழாய் உடைந்து ஈரம் கசிகிறதா என்று பாருங்கள். தொட்டிச் செடிக்கு அருகில் மெலிந்த கறுப்பு ஈக்கள் எழும்பினால் கதை வேறு: மண்ணுக்கு நீர் அதிகம். மேல்மண் இரண்டு மூன்று சென்டிமீட்டர் காயும்வரை நீர் ஊற்றாதீர்கள்.

அறிகுறி: சுவரில் நகரும் சிமென்ட் துண்டு, புத்தகத்தில் ஓடும் புள்ளி, தரையில் துள்ளும் புள்ளி

மூன்றையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான், ஈரம்.

சுவரில் பூசணி விதைபோல் தட்டையான, சாம்பல் நிறக் கூடு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று முன்பின் நீளம். காரை பெயர்ந்த துண்டு என்று நினைத்துக் கை வைக்கப்போனால் நகரும். பூதக்கண்ணாடியில் பாருங்கள், அழகான வேலை அது: மணல், நூல், தூசி, சிலந்தியிழை எல்லாவற்றையும் பட்டால் தைத்து, இரு முனையிலும் வாசல் வைத்திருக்கும் ஓர் அந்துப்பூச்சிப் புழு. ஒரு வாசலில் தலையை நீட்டும். அங்கே தொட்டால் உள்ளேயே திரும்பி அடுத்த வாசலில் நீட்டும். சிலந்தி வலை, உதிர்ந்த முடி, செத்த பூச்சி ஆகியவைதான் அதன் உணவு. ஒட்டடை அடித்து அறையை உலர வைத்தால் போய்விடும். மருந்து தேவையே இல்லை.

புத்தகத் தாளில் ஓடும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெளிறிய புள்ளி புத்தகப்பேன். பேன் என்று பெயர்தானே தவிர யாரையும் கடிக்காது. தாளில் பிடித்த நுண்ணிய பூசணத்தை மேய்கிறது. புதிதாகப் பூசிய சுவர் காயாத வீட்டிலும் திரளாக வரும். காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே சில வாரம் நின்றால் தானாக அழிந்துபோகும். மூன்று வால் இழையுடன் வெள்ளியாய் வழுக்கி ஓடுவது இராமபாணம். இது பசையையும் தாளையும் உண்மையாகவே தின்னும், ஆகவே புத்தகங்களைச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். ஈரத்தரையில் விரல் நீட்டியதும் துள்ளி மறைவது ஸ்பிரிங்டெயில். வயிற்றடியில் மடித்துவைத்த முள்கரண்டி போன்ற உறுப்பைத் தட்டித் துள்ளுகிறது. தெள்ளுப்பூச்சி என்று பயப்பட வேண்டாம், இதன் உடம்பு மென்மையானது, கடிக்காது. தரை காய்ந்தால் ஓரிரு நாளில் மடிந்துவிடும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு சோதனை. ஈரம் தெரியும் இடத்தைத் துடைத்து, ஓரடிச் சதுரத்துக்கு அலுமினியத் தாளை நான்கு ஓரமும் நாடாவால் இறுக ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப்பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது: குழாய்க் கசிவு, வெளிச்சுவர் விரிசல், அல்லது தரையிலிருந்து ஏறும் ஈரம். அறைப்பக்கம் நீர் படிந்திருந்தால் அறையின் காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது: காற்றுப்போக்கு இல்லை என்று பொருள். முன்னதற்கு கொத்தனாரோ குழாய் வேலைக்காரரோ வேண்டும். பின்னதற்கு ஜன்னலும் காற்றை வெளியேற்றும் மின்விசிறியும் போதும். வெளியே மழை கொட்டும்போது ஜன்னலைத் திறந்துவைத்து அறையை உலர்த்த முடியாது. மழை விட்டு வெயில் வரும் நேரத்தில் திறங்கள். ஒரு சிறு ஈரப்பதமானியை அலமாரிக்குள் வைத்தால் நிலவரம் கண்ணெதிரே தெரியும்.

அறிகுறி: கனமழைக்குப் பின் மரவட்டை, பூரான்

மண்ணில் நீர் நிறைந்து மூச்சுக்கு இடமில்லாமல் மேலே வந்தவை. இரண்டும் பூச்சி இனம் அல்ல. மரவட்டை உலர்ந்த தரையில் அதிக நாள் பிழைக்காது. கையால் எடுத்தால் அதன் சுரப்பு தோலை எரிக்கும், ஆகவே பெருக்கி வெளியே விடுங்கள். பூரான் கடிக்கும். கதவடி இடைவெளியை ரப்பர் பட்டையால் அடைப்பதும், சுவரை ஒட்டிக் கிடக்கும் இலைக்குப்பையை அகற்றுவதும் போதும்.

அறிகுறி: எறும்பு வெள்ளை முட்டைகளைத் தூக்கிக்கொண்டு சுவரேறுகிறது

வாயில் கவ்விச் செல்லும் அந்த வெள்ளைப் பொட்டுகளில் பெரும்பாலானவை முட்டை அல்ல, புழுக்களும் கூட்டுப்புழுக்களும். கூடு நனைந்துவிட்டது, அல்லது நனையப்போகிறது. வரிசையைப் பின்தொடர்ந்து அவை நுழையும் துளையைக் கண்டுபிடியுங்கள். சோப்பு நீரால் தடத்தைத் துடைத்துவிட்டுத் துளையை அடையுங்கள். தெளிப்பு மருந்து சில இனங்களில் வினையாகும். வெளிர்மஞ்சள் நிறப் பாரோ எறும்பின் மேல் அடித்தால் கூட்டம் பல கூறாகப் பிரிந்து, ஒரு கூடு இருந்த இடத்தில் நான்கு கூடு முளைக்கும். இதற்கு இரை வடிவ மருந்துதான் ஏற்றது.

அறிகுறி: மழை விட்டு ஏழெட்டு நாள் கழித்துப் பகலில் கொசு

காலில் வெள்ளை வளையம் உள்ள ஏடிஸ் கொசு இது; டெங்குவைப் பரப்புவது. முட்டையை நீருக்குள் இடாமல், நீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் ஈரச் சுவரில் ஒட்டி வைக்கும். அந்த முட்டை காய்ந்த நிலையில் பல மாதம் தாங்கும். அடுத்த மழையில் நீர் தொட்டதும் பொரிக்கும். அங்கிருந்து பறக்கும் கொசுவாக, வெப்பமான நாட்களில் 7 முதல் 10 நாள். ஆகவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒரு முறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். செடித்தொட்டியின் அடித்தட்டு, குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டு, மடித்துப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பின் குழிவு ஆகிய மூன்றையும் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. விரல் நீளக் காலோடு சுவரில் தள்ளாடும் ‘ராட்சதக் கொசு’வைக் கண்டு அஞ்ச வேண்டாம், அது கொசு அல்ல, கடிக்கவும் தெரியாது.

அறிகுறி: குளிர் தொடங்கியதும் ஜன்னல் விளிம்பில் கூட்டமாகப் பொறிவண்டு, ஈ

குளிர்காலத்தைக் கழிக்க இடுக்கில் நுழைந்தவை. இடையில் ஒரு நாள் வெயில் காய்ந்தால் விழித்து ஜன்னலுக்கு வரும். பொறிவண்டை நசுக்கினால் மஞ்சள் கறை பிடிக்கும். தூசியுறிஞ்சியால் எடுத்து வெளியே விடுங்கள். இடுக்கை அடைக்கும் வேலையைக் குளிர் வருவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். உள்ளே வந்தபின் அடைத்தால் அவை சுவருக்குள்ளேயே செத்து, அந்த உடல்களைத் தின்ன வேறு வண்டு வரும்.

இத்தனைக்கும் பிறகு காரணம் பிடிபடவில்லை என்றால், பிடித்த பூச்சியைச் சிறு குப்பியில் போட்டு, படங்களையும் ஐந்து விவரக் குறிப்பையும் சேர்த்துப் பூச்சியியல் தெரிந்தவரிடம் காட்டுங்கள். வீட்டுக்கு மருந்தடிக்க வருபவரிடமும் அதையே முதலில் நீட்டுங்கள். இது என்ன பூச்சி, எங்கே பிறக்கிறது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் சொன்ன பிறகு அவர் வேலையைத் தொடங்கட்டும். பதில் சொல்லாமல் குழலைத் திருப்புபவரை நிறுத்திவிட்டு வேறொருவரை அழையுங்கள்.